மண்பாண்டத்தில் வைத்த செல்வம்



பத்தாண்டு நிறைவையொட்டி நிகழும் இக்கூட்டத்தில், சமய நம்பிக்கையும் நாவலும் சந்திக்கும் இடத்தைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கிறித்தவ நாவல் என்றவுடன் வாசகர்களிடையே இருவகைத் தயக்கங்கள் எழுவதைக் காண்கிறோம். அச்சமயத்தைச் சாராதவர், இது பிரசாரமாக இருக்கும் என்று ஒதுங்குகிறார். சமயத்தைச் சார்ந்தவரோ, தம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டத்தக்க நல்ல பாத்திரங்களை எதிர்பார்த்து நூலைத் திறக்கிறார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றினாலும் எதிர்பார்ப்பது ஒன்றையே. நல்லவன் சோதனைக்கு உள்ளாவான், முடிவில் வெல்வான் என்பதே அது. இருபதாம் நூற்றாண்டின் சிறந்த கிறித்தவ நாவல்கள் இவ்விருவரையும் ஒருங்கே ஏமாற்றுகின்றன. அவற்றுள் இரண்டினை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன் 1940இல் வெளியிட்ட ‘த பவர் அண்ட் த குளோரி’. மற்றொன்று, ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாக்கு எண்டோ 1966இல் வெளியிட்ட ‘மௌனம்’.

நாவல்களுக்குள் நுழையுமுன் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். கி.பி. 303இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் கிறித்தவர்களை ஒடுக்கத் தொடங்கியபோது, வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்து உயிர் தப்பிய குருமார்களும் இருந்தனர். ஒடுக்குமுறை ஓய்ந்ததும் வட ஆப்பிரிக்காவில் ஒரு கேள்வி எழுந்தது. அவ்வாறு வீழ்ந்தவர்கள் நிறைவேற்றும் திருச்சடங்குகள் செல்லுமா? செல்லாது என்று தொனாத்துவின் சார்பினர் வாதிட்டனர். சடங்கின் ஆற்றல் கிறிஸ்துவிடமிருந்து வருவது, கொடுக்கும் கையின் தூய்மையிலிருந்து வருவதன்று என்று பின்னாளில் அகுஸ்தினார் விரிவாக வாதிட்டார். திருச்சபை அவ்வழியே நின்றது. நற்செய்தியைச் சுமப்பவரை, செல்வம் வைத்த மண்பாண்டத்துக்குப் பவுலடியார் ஒப்பிட்டது இங்கே நினைக்கத்தக்கது. பாண்டம் கீறல் விழுந்ததாக இருக்கலாம். உள்ளிருப்பது அதனால் கெடுவதில்லை. நாம் காணப்போகும் இரு நாவல்களும் இவ்வழக்கை மீண்டும் விசாரிப்பவை எனலாம்.

கிரீன் 1926இல் கத்தோலிக்கத் திருமறையில் சேர்ந்தவர். 1938இல் மெக்சிகோ சென்று தபாஸ்கோ, சியாப்பாஸ் மாநிலங்களில் பயணம் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தபாஸ்கோவை ஆண்ட தொமாஸ் கர்ரிதோ கனபால், கோயில்களை மூடி, குருமார்கள் மணம் செய்துகொண்டாலன்றி அங்கே இருக்க இயலாது என்ற நிலையை உருவாக்கியிருந்தார். இப்பின்னணியில் எழுந்ததே கிரீனின் நாவல். அதன் தலைவனுக்குப் பெயரில்லை. தலைமறைவாகத் திரியும் கடைசிக் குரு அவன். பிராந்திக்கு அடிமை. ஒரு பெண்ணிடம் அவனுக்கு மகள் ஒருத்தி பிறந்திருக்கிறாள். அவனைத் துரத்தும் காவல் துறை லெப்டினன்டுக்கும் பெயரில்லை. ஆனால் அவன் குடியாதவன், ஒழுக்கமானவன், குழந்தைகளின் எதிர்காலத்துக்காக உழைப்பவன். புண்ணியம் ஒரு பக்கமும் பாவம் ஒரு பக்கமுமாக நிறுத்திவிட்டு, பாவத்தின் பக்கத்தில் அருளை வைத்துக் காட்டுகிறார் ஆசிரியர்.

இந்நாவலில் ஒரு நுட்பமான அமைப்பு உண்டு. ஊரில் பக்தியுள்ள தாய் ஒருத்தி, ஹுவான் என்ற இளம் மறைசாட்சியின் வரலாற்றைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறாள். அவன் குறையே இல்லாதவன், சாவையும் புன்னகையோடு ஏற்பவன். அவளுடைய மகனுக்கோ அக்கதை சலிப்பூட்டுகிறது. துப்பாக்கி தரித்த லெப்டினன்டே அவனுக்கு வீரனாகத் தோன்றுகிறான். இப்படி நாவலுக்குள்ளேயே இருவகைக் கிறித்தவக் கதைகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று வாசித்துக் காட்டப்படுவது; மற்றொன்று தெருவில் நடப்பது. குடிகாரக் குரு சுடப்பட்ட பின்னரே சிறுவனின் மனம் லெப்டினன்டிடமிருந்து விலகுகிறது. குறையற்றவனின் கதை தொடாத உள்ளத்தைக் குறையுள்ளவனின் சாவு தொட்டது. சமய நாவலை எவ்வாறு எழுதவேண்டும் என்பதற்குக் கிரீன் அளிக்கும் விடை இதுவென்றே கொள்கிறேன்.

சிறைக் காட்சியையும் குறிப்பிட வேண்டும். மது வைத்திருந்த குற்றத்துக்காகப் பிடிபட்ட குரு, இருளும் நாற்றமும் நிறைந்த அறையில் திருடர்களோடும் கொலைகாரரோடும் ஓர் இரவைக் கழிக்கிறான். தான் குரு என்பதை அவனே சொல்லிவிடுகிறான். அவன் தலைக்குப் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தும் அவ்வறையில் ஒருவரும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே அவனுக்கு மனத்தாங்கல் உண்டாவது, மற்றவர்களை அருவருத்துப் பேசும் பக்தியுள்ள ஒரு பெண்மணியோடுதான். செல்வாக்கோடு பங்கு நடத்திய பழைய நாட்களில் தனக்குப் பெரிய பாவங்கள் இருக்கவில்லை, ஆனால் எவர்மீதும் அன்பும் இருக்கவில்லை என்பதை அவன் உணர்ந்துகொள்கிறான். அவனுக்கு அன்பைக் கற்பித்தது, அவனுடைய பாவத்தின் கனியாகிய அந்த மகளே. மறுநாள், ஆளை அறியாத லெப்டினன்டே அவனுக்கு ஐந்து பெசோ கொடுத்து அனுப்புகிறான். ஒரு பூசைக்குரிய காணிக்கை அது. நீங்கள் நல்லவர் என்று குரு சொல்வதில் ஏளனமில்லை.

எல்லை கடந்து பாதுகாப்பான இடத்தை அடைந்த பிறகு, சாகக் கிடக்கும் குற்றவாளி ஒருவன் பாவசங்கீர்த்தனம் செய்ய அழைப்பதாகச் செய்தி வருகிறது. கொண்டு வந்தவன் துரோகி என்பதும், அது கண்ணி என்பதும் குருவுக்குத் தெரியும். தெரிந்தே திரும்புகிறான். அக்குற்றவாளியோ மனம் திரும்பாமலே சாகிறான். பயனற்ற அந்தப் பயணத்துக்கு விலை, உயிர். மரணத்துக்கு முந்தைய இரவில் குருவுக்கு வீரம் பொங்கவில்லை. அச்சமும் பிராந்தியுமே துணை. இறைவன் முன் வெறுங்கையோடு செல்கிறோமே என்ற ஏமாற்றமே அவனுடைய கடைசி உணர்வு. அவன் வெறுங்கையன் அல்லன் என்பது வாசகனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் மீட்பு என்ற சொல் பொருள் கொள்கிறது.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். அந்நாட்டில் கிறித்தவத்தை விதைத்த பிரான்சிஸ் சவேரியார், 1542இல் இந்தியா வந்து நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றியபின் 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கியவர் என்பது நாம் அறிந்ததே. 1614இல் ஜப்பான் முழுவதும் அம்மதம் தடை செய்யப்பட்டது. கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பதித்த ‘ஃபுமியே’ என்னும் தகட்டைக் காலால் மிதிக்கச் செய்து மக்களைச் சோதித்தனர். 1633இல் குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட கிறிஸ்தோவாவ் ஃபெரேரா என்ற இயேசு சபைத் தலைவர் மதத்தைத் துறந்தார். இது வரலாறு. தம் ஆசிரியர் வீழ்ந்தார் என்பதை நம்ப மறுத்து, கோவா, மக்காவ் வழியாக ஜப்பானுக்கு வரும் ரொட்ரிகஸ் என்ற இளங்குருவின் கதையே ‘மௌனம்’.

எண்டோ தாயின் விருப்பப்படி சிறுவயதில் திருமுழுக்குப் பெற்றவர். அச்சமயம் தமக்குத் தைத்துத் தரப்பட்ட பொருந்தாத மேல்நாட்டு உடை என்றும், அதைத் தமக்கேற்ற ஜப்பானிய உடையாக மாற்றுவதே தம் வாழ்நாட் பணி என்றும் அவர் கருதினார். நாகசாகியில் கண்ட ஒரு ஃபுமியேயில், மிதித்தவர்களின் கால்பட்டுப் படிந்த கறுப்புத் தடங்கள் அவர் நினைவைவிட்டு அகலவில்லை. மறைசாட்சிகளின் பெயர்களை வரலாறு எழுதிவைத்தது. அந்தக் கால்களுக்கு உரியவர்களைப் பற்றி யார் எழுதுவது? இக்கேள்வியிலிருந்து பிறந்த பாத்திரம் கிச்சிஜிரோ. அவன் மிதிப்பான், காட்டிக்கொடுப்பான், பின்னர் அழுதுகொண்டு வந்து பாவமன்னிப்புக் கேட்பான், மீண்டும் மிதிப்பான். ரொட்ரிகஸ் அவனை அருவருக்கிறார்.

முடிவான இரவில் குறட்டையொலி என்று ரொட்ரிகஸ் எண்ணியது, குழியில் தொங்கும் விவசாயிகளின் முனகல் என்பது தெரியவருகிறது. அவர்கள் முன்பே மதத்தைத் துறந்துவிட்டவர்கள். குரு மிதித்தால்தான் அவர்களுக்கு விடுதலை. கிரீனின் நாவலிலும் குருவைக் காட்டிக்கொடுக்காத ஊர்களிலிருந்து பிணையாட்கள் கொல்லப்படுகிறார்கள். எனக்காகப் பிறர் சாவதா என்ற அதே கேள்விக்கு இரு குருக்களும் இரு வேறு விடை தருகின்றனர். மெக்சிகோவின் பாவி தன் பணியைக் கைவிடவில்லை. ஜப்பானுக்கு வந்த தூயவர் ஃபுமியேயின் மேல் கால் வைக்கிறார். மிதிக்கலாம் என்று அவ்வுருவமே சொல்வதாக அவருக்குக் கேட்கிறது. அது கிறிஸ்துவின் குரலா, களைத்த மனம் தேடிக்கொண்ட சமாதானமா என்பதை நாவல் தீர்த்துவைக்கவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். பலவீனத்தின்மேல் இவ்வளவு இரக்கம் காட்டினால் உறுதியாக நின்றவர்களின் தியாகம் மலிந்துவிடாதா? கடலில் நட்ட மரங்களில் கட்டப்பட்டு அலையில் இறந்த மோக்கிச்சியும் இச்சிஸோவும் அதே நாவலில் இருக்கிறார்களே? இக்கேள்வி நியாயமானது. இதனை மழுப்பிவிட்டு எண்டோவைப் புகழ்வது சரியான வாசிப்பாகாது. ஆனால் அவர்களை ஆசிரியர் சிறுமைப்படுத்தவில்லை என்பதையும் நோக்க வேண்டும். வீழ்ந்தவன் வெளியே தள்ளப்பட்டவனா என்பதே அவருடைய கேள்வி; வீழ்ச்சி நல்லது என்று அவர் சொல்லவேயில்லை. மிதித்த கால் வலிக்கிறது. அந்த வலி கதை முடியும்வரை ஆறுவதில்லை. வலியில்லாத மன்னிப்பைத்தான் மலிவானது என்று சொல்ல முடியும்.

முடிவுக்கு அருகில், இறந்துபோன ஒருவனின் பெயரையும் மனைவியையும் ஏற்று வாழும் ரொட்ரிகஸிடம் கிச்சிஜிரோ மீண்டும் வருகிறான், பாவசங்கீர்த்தனம் கேட்கிறான். வீழ்ந்த குரு, வீழ்ந்த மனிதனுக்குச் செவிசாய்க்கிறார். தாம் வெறுத்தவனோடு ஒரே தட்டில் நின்ற பிறகே அவரால் அவனுக்கு அருளை வழங்க முடிகிறது. அகுஸ்தினாரின் பழைய வாதம் இங்கே இரு மனிதர்களாக எதிரெதிரே அமர்ந்திருக்கிறது. அதன்பின் ரொட்ரிகஸை அரசுக் குறிப்பேட்டின் வறண்ட வாசகங்களில் மட்டுமே காண்கிறோம். அவருடைய நம்பிக்கை என்னவாயிற்று என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை. 2016இல் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த திரைப்படம், எரியூட்டப்படும் ரொட்ரிகஸின் கையில் ஒரு சிறு சிலுவையைக் காட்டி முடிகிறது. எண்டோவின் நாவலில் அச்சிலுவை இல்லை. ஆறுதல் தராமல் நிறுத்தும் துணிவு நாவலுக்கு இருந்தது.

இத்தகைய நூல்களை ஏற்பது சமயத் தலைமைக்கும் எளிதாக இருக்கவில்லை. கிரீனின் நாவலை வத்திக்கானின் திருப்பணியகம் 1953இல் கண்டித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1965இல், திருத்தந்தை ஆறாம் பவுல் கிரீனைச் சந்தித்தபோது, தாம் அதனைப் படித்திருப்பதாகவும், சிலருக்கு அது மனவருத்தம் தரத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் கூறினார் எனக் கிரீன் பதிவு செய்துள்ளார்.

இந்நூல்களை வாசிக்க அச்சமய நம்பிக்கை வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒன்று வேண்டும். தம்மை நல்லவர் பட்டியலில் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு வாசிக்கலாகாது. அப்படி வாசிப்பவருக்குக் குடிகாரக் குரு வேடிக்கைப் பொருளாகவும் கிச்சிஜிரோ கோழையாகவுமே தெரிவர். இலக்கிய வட்டம் என்பது நூல்களைத் தீர்ப்பிடும் இடம் மட்டுமன்று; மனிதரைத் தீர்ப்பிடும் அவசரத்தைச் சற்றே தணித்துக்கொள்ளும் இடமும் ஆகும். இவ்வட்டம் அடுத்த பத்தாண்டிலும் அப்பணியைத் தொடர வேண்டும் என்று விழைகிறேன்.