தனி டம்ளரும் மூடிய ஜன்னலும்

(வெள்ளானூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் கடவுளைப் பற்றிப் பேச வரவில்லை. காற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடலாம். காற்று இல்லை என்பார் ஒருவருமில்லை.

நம் வீட்டில் ஒருவருக்குக் க்ஷயரோகம் என்றால் என்ன செய்கிறோம்? தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறோம். பிறகு, "குளிர் காற்றுப் படும்" என்று ஜன்னலை மூடுகிறோம். இந்நோய் டம்ளரால் பரவுவதில்லை. மூடிய அறையின் காற்றால்தான் பரவுகிறது. இந்தத் தலைகீழ்ப் புத்தி எங்கிருந்து வந்தது? மனிதனைத் தொட்டால் தீட்டு என்று படித்த பாடத்திலிருந்துதான் வந்தது!

1882-ல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் டாக்டர் இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று காட்டினார். விதியுமல்ல, பூர்வஜன்ம பாவமுமல்ல. 1950-களில் அமெரிக்காவிலுள்ள பால்டிமோரில் வெல்ஸ், ரைலி என்பவர்கள் க்ஷயரோக வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடியிலிருந்த கினிப்பன்றிகளுக்கு விட்டார்கள். நோயாளியின் முகத்தையே பாராத அப்பிராணிகளுக்கு நோய் வந்தது. புறஊதாக் கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவைகளுக்கு வரவில்லை. இதைவிட என்ன ருஜு வேண்டும்?

நம் பக்கத்திலேயே தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோக ஆஸ்பத்திரியை ஏற்படுத்திய காலத்தில் இந்நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது. திறந்த வெளியும் நல்ல காற்றுமே வைத்தியம். மருந்து வந்த பின் 1956 முதல் சென்னையில் 193 ஏழை நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேர் சானடோரியத்தில், பாதிப்பேர் நெருக்கமான தங்கள் வீட்டில். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாக வரவுமில்லை. ஆகவே, மருந்து சாப்பிடுகிற நோயாளியை ஒதுக்கி வைப்பது அறியாமையேயாகும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? இன்னும் கண்டுபிடிக்கப்படாத, மருந்து சாப்பிடாத இருமல்காரரிடத்தில்! அவர் எங்கே வருகிறார்? ஆஸ்பத்திரிக்குத்தான். நான் பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணியும், கைக்குழந்தையும், நீரிழிவுக்காரரும், இருமுகிறவரும் ஒரே மூடிய அறையில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஜன்னலுக்குத் தாழ்ப்பாள், சுவரிலே சாமி படம்! குளிர்சாதனம் இருந்தது, அது அறைக்குள்ளிருந்த அதே காற்றைத்தான் குளிரவைத்துத் திருப்பித் தந்தது.

பெரு நாட்டின் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் செய்த ஆராய்ச்சி 2007-ல் வெளிவந்தது. கதவு ஜன்னல்களைத் திறந்தால் மணிக்கு 28 தடவை காற்று மாறியது. இயந்திரம் வைத்த அறைகளில் 12 தடவை. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலுமுள்ள பழைய கட்டடங்களே புதியவைகளை வென்றன.

படித்தவர்களும் தவறுவார்கள். 2020 மார்ச்சில் கொரோனா காற்றில் பரவாது என்று சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2021-ல் பரவும் என்று ஒப்புக்கொண்டது. அதில் வெட்கமில்லை. ருஜு வந்தபின் மாறுவது பகுத்தறிவு, மாறாதிருப்பது மதம். ஆனால் மாறத் தாமதித்த அந்த நாட்களில் நர்சுகளும் தோட்டிகளும் பட்ட கஷ்டத்தை மறக்கலாகாது.

எனவே தோழர்களே! ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ வைத்தியத்துக்குப் போனால் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். இருமுகிறவருக்கு முகக்கவசம் கொடுத்து, காற்றோட்டமான தாழ்வாரத்தில் உட்காரவைத்து, முதலில் பார்த்தனுப்பச் சொல்லுங்கள். அவரைக் கவனிக்கிற நர்சுக்கும் கூட்டுகிறவருக்கும் கிருமியைத் தடுக்கும் நல்ல கவசம் கேளுங்கள். இரண்டு வாரம் இருமினால் மந்திரிக்கப் போகாமல் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். இவற்றைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் இன்றிரவே வீட்டில் தனி டம்ளரை ஒழித்து, ஜன்னலைத் திறவுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.