நீங்கிய ஒரு சொல்

நம் ரேஷன் கடைப் பாமாயில் உலகிலேயே அதிகம் உற்பத்தியாவது இந்தோனேசியாவில். சுமத்ராவிலும் போர்னியோவிலும் காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களிடம் பட்டா ஏது? அவர்களுடைய மரபுக் காடும் அரசுக் காடே என்றது 1999ஆம் ஆண்டு வனச்சட்டம். அரசு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தால் ஊரார் என்ன செய்வார்கள்?

பழங்குடிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2013 மே மாதம், அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தின் அந்த வரியிலிருந்து ஒரே ஒரு சொல்லை நீக்கியது. 'நெகாரா', அதாவது அரசு. நாம் சொல்லும் 'நகர'த்துக்கு உறவுச் சொல்தான் அது! மரபுக் காடு இனி அரசுக் காடு அல்ல என்றானதும், இது எங்கள் காடு என்று ஊர்களில் பலகை நட்டார்கள்.

ஆனாலும் முதல் ஒன்பது மரபுக் காடுகளுக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது 2016 டிசம்பர் 30 அன்றுதான். மொத்தம் சுமார் 13,000 ஹெக்டேர். அவ்வளவு பெரிய நாட்டில் இது கைப்பிடி மண்.