முற்றமும் விண்வெளியும்



ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியாகிய ஆண்டலூசியாவில், இளைஞர் மூவர் 1975ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். குழுவின் பெயர் திரியானா. தட்டு 'எல் பாத்தியோ' என்று வழங்கப்படுகிறது. தமிழில் சொன்னால் 'முற்றம்'. ஏழே பாடல்கள் கொண்ட அத்தட்டு, அரை நூற்றாண்டு கடந்தும் அந்நாட்டு இளையோரின் இசைக்கு ஊற்றாக விளங்குகிறது. பழையதை மீண்டும் கையிலெடுக்கும் கலைஞன் எதைக் கொள்ள வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்ற வினாவுக்கு அதன் வரலாறு விடை பகர்கிறது. கவிதைக்கும் அவ்வினா உரியது.

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் பிங்க் ஃபிளாய்டு முதலிய குழுக்கள் ஒரு புதிய இசை முறையைக் கண்டன. நீண்ட பாடல்கள், ஒரே சொற்றொடர் போலச் சுழன்று வரும் கிதார் ஒலி, எதிரொலியில் மிதக்கும் குரல், மின்னணுக் கருவிகளின் இழுவை. கேட்போனை நிலத்திலிருந்து மேலே தூக்குவதுபோல் அமைந்தமையால், சைக்கடெலிக் இசையின் இக்கிளையை 'விண்வெளி ராக்' என்றனர்.

இவ்வகை அயல் இசை ஆண்டலூசியாவை எட்டிய வழியும் வியப்புக்குரியது. 1953ஆம் ஆண்டில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு அமெரிக்காவுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. அதன்படி செவிலை அடுத்த மோரோனிலும் காதிஸ் கடற்கரை ரோட்டாவிலும் அமெரிக்கப் படைத்தளங்கள் எழுந்தன. படைவீரர்களோடு இசைத்தட்டுகளும் வானொலியும் வந்தன. போருக்காகத் திறந்த வாயில் வழியே பாட்டும் நுழைந்தது.

வந்த இசையோடு வந்தது ஆங்கிலம். 1966இல் லோஸ் பிராவோஸ் என்ற ஸ்பானியக் குழு உலகப் புகழ் பெற்றது ஆங்கிலப் பாடல் ஒன்றினால். அதைப் பாடியவரோ ஜெர்மானியர். ராக் இசைக்கு ஸ்பானிய மொழி ஒத்துவராது என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. செவிலைச் சேர்ந்த ஸ்மாஷ் குழு 1971இல் வெளியிட்ட 'எல் கர்ரோதீன்' பாடலில் பாதி ஃபிளமெங்கோ, பாதி ஆங்கிலம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றனவே தவிர ஒன்றாகக் கலக்கவில்லை.

கலக்கச் செய்தது திரியானா. ஹேசுஸ் தே லா ரோசா ஆர்கனும் சிந்தசைசரும் வாசித்துப் பாடினார். எதுவார்தோ ரோத்ரிகெஸ் கிதார் இசைத்தார். 'தேலே' என்று அழைக்கப்பட்ட ஹுவான் ஹோசே பலாசியோஸ் முரசுகளைக் கையாண்டார். பாடல்கள் ஸ்பானிய மொழியில், அதுவும் ஆண்டலூசிய உச்சரிப்பில் அமைந்தன. முதற் பாடலின் தலைப்பு 'கதவைத் திற'. ஏறத்தாழப் பத்து நிமிடம் ஒலிப்பது. பாட்டு வரிகளும் தணிக்கைக்கு உட்பட்டிருந்த காலம் அது. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள்தான் ஃபிராங்கோ மறைந்தார். கேட்டோர் அப்பாடலில் வேறொரு கதவையும் உணர்ந்திருக்க இடமுண்டு.

மொழியை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. மற்றொரு பாடலின் தலைப்போடு 'புலேரியா' என்ற தாளப் பெயரையும் சேர்த்தே பொறித்தார்கள். புலேரியா பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட ஃபிளமெங்கோ தாளச் சுற்று. மூன்று மூன்றாய் இருமுறை நடந்து, பின் இரண்டிரண்டாய் மும்முறை அடியெடுத்து வைப்பது. நான்கு சுரக்கூட்டுகள் படிப்படியாகக் கீழிறங்கும் ஆண்டலூசிய இறக்கமும் ஃபிளமெங்கோவின் உயிர்நாடி. அயல் கருவிகள் இந்த நடைக்கும் இந்த இறக்கத்துக்கும் பணிந்தன. கருவி வெளியூருடையது; மூச்சு உள்ளூருடையது.

குழு தன் பெயராகக் கொண்ட திரியானா, குவாதல்கிவிர் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள பழம் பகுதி. குயவர்களும் மாலுமிகளும் ஜிப்சிகளும் வாழ்ந்த இடம். ஃபிளமெங்கோவின் தொட்டில்களுள் ஒன்று. நடுவே பொது முற்றம், அதைச் சுற்றிப் பல குடும்பங்கள் என்பது அங்குள்ள குடியிருப்பின் அமைப்பு. பாட்டும் கைத்தட்டலும் அம்முற்றத்தில் வளர்ந்தன. 1950களிலும் 60களிலும் ஜிப்சிக் குடும்பங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு, நகரின் புறத்தே அடுக்குக் கட்டடங்களில் குடியமர்த்தப்பட்டன. இசைத்தட்டு வெளிவந்தபோது அந்த முற்ற வாழ்வு பெரிதும் கலைந்துவிட்டிருந்தது. இடம் போன பின்னும் தாளம் எஞ்சியது. எஞ்சிய அத்தாளத்துக்குப் புதிய வீடு தேடியதே இக்குழுவின் பணி எனலாம்.

குறையும் கூறத்தான் வேண்டும். திரியானாவின் பாடல் வரிகள் எளியவை. காலை, இரவு, ஏரி, கதவு என்ற அளவில் படிமங்கள் அமைகின்றன. ஏட்டில் மட்டும் படிப்போர்க்கு அவை மெலிந்து தோன்றக்கூடும். குரலிலும் தாளத்திலும் ஏறும்போதே அவற்றுக்கு எடை கூடுகிறது.

அவ்வெடையைச் சொல்லிலும் ஏற்றியது 1979இல் வந்த 'காலத்தின் கதை' என்ற தட்டு. ஃபிளமெங்கோப் பாடகர் கமரோன், கவிஞர் லோர்கா 1931இல் எழுதிய நாடகத்தின் வரிகளையும் அவருடைய வேறு சில பாக்களையும் ராக் கருவிகளோடு பாடினார். ஸ்மாஷ் குழுவில் இருந்த குவால்பெர்த்தோ அதில் சித்தார் வாசித்தார். தூய மரபு போற்றுவோர் சினந்தனர். தட்டு அந்நாளில் விலைபோகவில்லை. இன்றோ ஃபிளமெங்கோ வரலாற்றின் பெருந்திருப்பமாக அது மதிக்கப்படுகிறது. 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞனின் சொல், புதிய தலைமுறையின் செவியில் அவ்வாறு மீண்டும் ஒலித்தது.

1983 அக்டோபரில், வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பாஸ்க் நாட்டு மக்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்பிய ஹேசுஸ் தே லா ரோசா, புர்கோஸ் அருகே சாலை விபத்தில் சிக்கி மாண்டார். அகவை முப்பத்தைந்து. அதற்குள் மத்ரித் நகரின் புதிய பாப் இசை நாட்டைக் கவர்ந்துவிட்டது. ஆண்டலூசிய ராக் பழங்கதையாயிற்று.

பழங்கதை மீண்டும் எழுந்தது. செவிலின் டெர்பி மோட்டோரெட்டாஸ் பூரிட்டோ கச்சிம்பா என்ற குழு 2019இல் தன் முதல் தட்டை வெளியிட்டது. விண்வெளி ராக்கின் மிதப்பும் ஃபிளமெங்கோவின் கரகரப்பும் அதில் ஒருங்கே ஒலிக்கின்றன. தம் இசையை அவர்கள் 'கிங்கிடெலியா' என்கின்றனர். 1970களின் இறுதியில் ஸ்பானியத் திரைப்படங்கள் காட்டிய, நகர்ப்புறத்து ஒதுக்கப்பட்ட இளைஞர்களைக் குறிக்கும் 'கிங்கி' என்ற சொல்லோடு சைக்கடெலியாவை இணைத்த பெயர் அது. புறத்தே தள்ளப்பட்டோரை அப்பெயர் மறக்கவில்லை.

பழைய பாணியில் இசைப்போர் உலகெங்கும் உளர். பழைய கருவியை வாங்கலாம். பழைய எதிரொலியை உண்டாக்கலாம். பழைய எழுத்தில் அட்டை அச்சிடலாம். இவையனைத்தும் தோலைப் போர்த்துவதே. திரியானா விட்டுச்சென்ற செல்வம் வேறு. அயலிலிருந்து வரும் வடிவத்தைத் தன் மண்ணின் தாளம் ஆளும்படி செய்யும் துணிவு அது. அதைப் பெற்றவன் பழையதைப் பாடினாலும் புதியவன். பெறாதவன் நேற்று வந்த கருவியை இசைத்தாலும் பழையவன். எழுதுகோல் ஏந்துவோர்க்கும் அளவுகோல் இதுவே. எந்த நாட்டு வடிவமும் வரலாம். அது அடியெடுத்து வைக்கும் நடை எவருடையது என்பதே கேள்வி.