கரையில் உடையும் படகு



மெரினாவின் தென்பகுதியில் அயோத்திக்குப்பம் தொடங்கி, நடுக்குப்பம், நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரம் என நீண்டு, அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி ஊரூர் ஆல்காட் குப்பம் வரை செல்லும் மீனவர் ஊர்களுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இவற்றில் எதற்கும் துறைமுகம் கிடையாது. வடக்கே காசிமேட்டில் விசைப்படகுகள் நீரில் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன. தெற்கிலோ கட்டுமரங்களும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட பைபர் படகுகளும் மணலில்தான் இழுத்து நிறுத்தப்படுகின்றன. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் மீன்வளத்துறை கடலுக்குப் போகத் தடை விதிக்கிறது. மீனவர் எஞ்சினைக் கழற்றி, வலையைச் சுருட்டி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறார். படகை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. இந்தத் தென்கரையில் புயலுக்குப் படகு பெரும்பாலும் இரையாவது நடுக்கடலில் அன்று, கரையில்தான் என்னும் இந்த எளிய உண்மையை மனத்தில் இருத்தாமல் படகுக் காப்பீட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

காப்பீட்டுச் சட்டத்தின் கண்களோ கடலையே பார்த்துப் பழகியவை. 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் ‘கடலின் அபாயங்கள்’ என்ற தொடருக்கு, எதிர்பாராமல் நேரும் விபத்துகள் என்று பொருள் கூறி, காற்றும் அலையும் வழக்கமாகச் செய்யும் தேய்மானத்தை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. சரக்கு ஏற்றிச் செல்லும் பெருங்கப்பலுக்கு இது நியாயமான வரையறை. மணலில் நிற்கும் படகை அலை வந்து புரட்டி, அது பக்கத்துப் படகின் மீது மோதி, இரண்டும் விரிசல் கண்டு, அதில் ஒன்று மண்மூடிப் போனால், அது எந்த அபாயத்தின் கீழ் வரும், எவருடைய படகு எதனால் உடைந்தது என்பதைப் பாலிசியின் வாசகங்களே முடிவு செய்கின்றன. கரையில் நிற்கும் காலத்துக்கும் புயல் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டென்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வாசகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கையொப்பமிடுபவருக்கு அவை வாசித்துக் காட்டப்படுவது அரிது.

இதில் ஒரு வரலாற்று முரணும் உண்டு. சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கையும் பயணிகளையும் கரைக்குக் கொண்டுவந்தன. சென்னை மாகாணத்தில் 1829ஆம் ஆண்டிலேயே ஆயுள் காப்பீட்டுத் தொழில் தொடங்கிவிட்டது. கடல் வணிகச் சரக்குக்குக் காப்பீடு எடுப்பதும் ஐரோப்பிய வணிகர்களின் பழைய வழக்கம். சரக்கைச் சுமந்த படகுக்கும் துடுப்புப் போட்ட கைக்கும் அந்த ஏற்பாடு எட்டவில்லை. பின்னர் எழுந்த துறைமுகச் சுவர்களைக்கூட 1881 நவம்பரில் ஒரு புயல் உடைத்தெறிந்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. அச்சுவர்களின் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து விரிந்த கடற்கரையில்தான் இன்று குப்பத்துப் படகுகள் நிற்கின்றன; எனவே, இந்தப் படகுகளின் இன்றைய நிலையில் நகரத்தின் பொறியியலுக்கும் பங்குண்டு.

காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குவதற்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காப்பீடு என்பது, பலர் சிறுசிறு தொகை செலுத்தி, அவர்களுள் சிலருக்கு நேரும் பேரிழப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஆயிரம் வீடுகளில் ஒன்று தீப்பற்றினால் மற்றவர் கட்டிய பிரீமியம் அதை ஈடுசெய்யும். புயலோ ஒரே இரவில் ஒரே கரையின் எல்லாப் படகுகளையும் தொடுகிறது. காப்பீட்டுத் துறையினர் இதை ‘ஒருங்கே நேரும் இழப்பு’ என்ற வகையில் வைப்பர். இதைத் தாங்க, காப்பீட்டு நிறுவனமே வேறொரு பெரிய நிறுவனத்திடம் காப்பீடு எடுக்கும் மறுகாப்பீடு தேவைப்படுகிறது. அதன் செலவு பிரீமியத்தில் ஏறுகிறது. இத்துடன் பதிவுச் சான்று புதுப்பிக்கப்படாத படகுகள், ஒருவர் பெயரில் பதிவாகி மூவர் பங்கில் ஓடும் படகுகள், வியாபாரியிடம் முன்பணம் பெற்று வாங்கியதால் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே குழப்பமுள்ள படகுகள் ஆகியவற்றையும் சேர்த்தால், நிறுவனத்தின் மேசையில் இருக்கும் அதிகாரி பின்வாங்குவது விளங்கும். விளங்குகிறது என்பதனால் அது ஏற்புடையதாகிவிடாது.

காப்பீடு இல்லாத இடத்தில் நிவாரணம் வருகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022இல் வகுத்த நெறிகளின்படி, முழுதும் சேதமடைந்த படகுக்குப் பதிலாக வேறொன்று பெற ரூ.15,000, பகுதி சேதமானால் பழுதுபார்க்க ரூ.6,000. இந்தத் தொகை ஒரு பைபர் படகின் விலையில் எத்தனை பங்கு என்று குப்பத்தில் கேட்டால் சிரிப்பே விடையாக வரும். தமிழக அரசு இத்தொகையை உயர்த்தியே வழங்கிவந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின், முழுதும் சேதமடைந்த கட்டுமரத்துக்கு வலை உட்பட ரூ.32,000 என்றிருந்தது ரூ.50,000 ஆகவும், வல்லத்துக்கான உச்ச மானியம் ரூ.75,000 என்பது ரூ.1 லட்சமாகவும், விசைப்படகுக்கு ரூ.5 லட்சம் என்பது ரூ.7.5 லட்சமாகவும் உயர்த்தப்பட்டன. அவ்வளவு உயர்த்தியும், எஞ்சினும் வலையும் சேர்த்துப் பல லட்சம் பெறும் தொழில் மூலதனத்துக்கு அது ஈடாகாது. மேலும், நிவாரணத்தின் அளவு ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் புதிதாக அறிவிக்கப்பட வேண்டியிருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பது புயலுக்கு முன்பே தெரிந்திருப்பது காப்பீட்டில் மட்டுமே. வங்கிக்கோ வியாபாரிக்கோ கடன்பட்ட ஒருவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

மீனவரின் உயிருக்கு ஒரு வலை விரிக்கப்பட்டிருக்கிறது: பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழுள்ள குழு விபத்துக் காப்பீடு, இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் ரூ.5 லட்சம் தருகிறது. 2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற, அந்த மீன்வளத் திட்டத்தின் துணைத் திட்டத்திலும் காப்பீட்டுக்கு ஊக்கத்தொகை உண்டு. ஆனால் அது மீன் வளர்ப்புக் குளங்களுக்கானது. படகுக் காப்பீட்டின் பிரீமியத்துக்கு உதவி என்பது திட்ட ஏட்டில் இடம்பெற்றிருந்தும், குப்பத்து மணலில் அதன் தடத்தைத் தேடவே வேண்டியிருக்கிறது.

வழி என்ன என்பதற்குக் கரீபியத் தீவுகள் ஓரளவு விடை தருகின்றன. அங்கே சூறாவளி என்பது நம் புயலேதான், பெயர் மட்டும் வேறு. கிரனடா, செயின்ட் லூசியா ஆகிய நாடுகளில் 2019ஆம் ஆண்டு மீனவர்களுக்கென ஒரு குறியீட்டுக் காப்பீடு தொடங்கப்பட்டது. குறியீட்டுக் காப்பீடு என்றால், ஒவ்வொரு படகையும் சர்வேயர் வந்து பார்த்து இழப்பை மதிப்பிடுவதற்குப் பதிலாக, காற்றின் வேகம், அலையின் உயரம், மழையின் அளவு போன்றவை முன்பே ஒப்பந்தம் செய்த எல்லையைத் தாண்டியதும் பணம் தானாக வழங்கப்படும் முறை. உடைந்த படகைச் சர்வேயர் வரும்வரை தொடாமல் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. பக்கத்துப் படகா, அலையா என்ற வழக்கும் இல்லை.

இருப்பினும் இதைச் சென்னைக்கு அப்படியே இறக்குமதி செய்வது அறிவீனம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மீதே கடந்து, நகரத்தின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது; காற்றின் வேகத்தை மட்டும் அளக்கும் ஒப்பந்தம் அன்று பணம் தந்திருக்கும். 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கடந்த மாண்டஸ் புயல், வர்தாவை விட வலு குறைந்தது. ஆயினும் காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. மிக்ஜாமோ கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லாவில். சென்னையில் இரண்டு நாள் அது கொட்டிய மழைக்கு, ‘கரையைக் கடந்த இடம்’ என்ற ஒற்றை அளவுகோல் ஒரு காசும் வழங்கியிருக்காது. அளவுகோலுக்கும் உண்மையான இழப்புக்கும் இடையிலான இந்த இடைவெளிதான் குறியீட்டுக் காப்பீட்டின் பெரிய குறை. எனவே காற்றோடு அலை உயரத்தையும் மழையையும் சேர்த்து எழுதிய ஒப்பந்தமே இக்கரைக்குப் பொருந்தும். அலை எந்த உயரத்தில் எழும்பினால் மணலில் நிற்கும் படகு புரளும் என்பதைக் குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டே அந்த எல்லைகளை வகுக்க வேண்டும். பிரீமியத்தைத் தனித்தனியே வசூலிக்காமல் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே குழுவாகச் செலுத்தினால், ஏட்டுச் செலவும் குறையும்.

இன்னொன்றையும் அவையோர் நினைவில் கொள்வது நல்லது. 2015 டிசம்பரில் அடையாறு கரையுடைத்தபோதும், 2023இல் தாழ்வான பகுதிகள் மூழ்கியபோதும், தெருக்களுக்குள் வந்து மக்களை ஏற்றிச் சென்றவற்றில் இதே குப்பங்களின் படகுகளும் இருந்தன. மீன்பிடித் தொழிலுக்கென்று எழுதப்பட்ட ஒரு பாலிசி, தார்ச்சாலையில் கம்பத்தில் மோதி அடி கிழிந்த படகுக்குப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது; பாலிசியே இல்லாத படகுக்கு அந்த வாதமும் தேவைப்படவில்லை. மீட்புப் பணிக்கு அழைக்கப்படும் படகுக்கு அந்த நாட்களுக்கான காப்பீட்டை மாநகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ எடுத்துத் தருவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மழைக்கு முன் போடப்படும் ஓர் ஆணையே போதும்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்றோர் பலர் இருக்கின்றனர். இந்த மயிலாப்பூர் மண்டபத்திலும் சிலர் இருக்கக்கூடும். பாலிசியின் எந்த வரியில் கிளெய்ம் நிராகரிக்கப்படும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யாருமில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு மாலை நொச்சிக்குப்பத்துக்குச் சென்று, படகுப் பதிவுச் சான்றுகளைச் சரிபார்த்து, ஒரு மாதிரிப் பாலிசியைத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டும் வேலையை அவர்கள் ஏற்க வேண்டும் என்பதே இம்மேடையின் வேண்டுகோள். இங்கிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.