மடக்குக்கத்தியும் நம் விரல்களும்



கத்தியைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1877ஆம் ஆண்டில் பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பிறகு மாநிலம் முழுவதும் பால்மரம் பரவியது. பொழுது விடியும் முன்பே விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவி எடுத்தவர்கள் நம்மவர்கள். அந்தக் கைத்திறனை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பால்மரம் சீவும் கத்தி மடங்காத கத்தி. இரும்பும் பிடியும் ஒன்றாக நிற்பவை. தள்ளினாலும் இழுத்தாலும் இரும்பு தன் இடத்தை விட்டு அசையாது. அதோடு பழகிய கை, சட்டைப்பையில் கிடக்கும் சின்ன மடக்குக்கத்தியையும் அதே நம்பிக்கையோடு பிடித்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் பல, ஈப்போவுக்கும் அதைச் சுற்றிய பட்டணங்களுக்கும் குடிவந்துவிட்டன. சீவும் கத்தி வீட்டை விட்டுப் போய்விட்டாலும் மடக்குக்கத்தி போகவில்லை. அது மோட்டார் சைக்கிள் கூடையில் இருக்கிறது. பாட்டியின் வெற்றிலைப் பையில் இருக்கிறது. பிள்ளைகளின் பென்சில் டப்பாவிலும் சில வேளை இருக்கிறது.

இந்தக் கத்திக்குப் பேனாக்கத்தி என்று இன்னொரு பெயர் உண்டு. பறவை இறகைச் சீவிப் பேனாவாக எழுதிய காலத்தில், அந்த இறகின் முனையைக் கூராக்கப் பயன்பட்டதால் வந்த பெயர். இறகைச் சீவப் பிறந்த கத்தியிடம் எவ்வளவு வேலை கேட்கலாம் என்பதைப் பெயரே ஓரளவு சொல்லிவிடுகிறது.

வீட்டில் ஒரு மடக்குக்கத்தி இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிடியின் முதுகில் நீளமான எஃகு வில் ஒன்று பதிந்திருக்கும். அலகின் அடிப்பாகம் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். அலகைத் திறந்ததும் அந்தச் சதுரத்தின் தட்டையான ஒரு பக்கத்தின்மேல் வில் வந்து அழுந்துகிறது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டதும் கத்தி பூட்டிக்கொண்டது என்று நினைத்துவிடுகிறோம். பூட்டிக்கொள்ளவில்லை. வில் அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது வேறு, ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்து வைப்பது வேறு. காற்று பலமாக அடித்தால் செங்கல் நகர்ந்துவிடும் அல்லவா?

அப்படியானால் இந்தக் கத்தியே ஆகாது என்று சொல்ல வரவில்லை. கயிற்றை அறுக்கிறோம், மாம்பழத் தோலைச் சீவுகிறோம், தம்பூன் பம்ளிமாஸின் தடித்த தோலைக் கீறுகிறோம். இந்த வேலைகளில் கத்தியின் கூர்ப்பக்கம் பொருளின்மேல் அழுந்துகிறது. பொருள் திருப்பிக் கொடுக்கும் அழுத்தம் அலகை மேலும் திறக்கத்தான் பார்க்கும், மடக்காது. ஆகவே, வெட்டும் வேலைக்குப் பூட்டில்லாத கத்தி நம்பத்தக்கது. அழுத்தம் முதுகுப் பக்கத்தில் விழும்போதுதான் கதை மாறுகிறது. வில்லின் பலத்தைவிட அந்த அழுத்தம் கூடிவிட்டால் அலகு மடங்கும். அது மடங்கும் வழியில் இருப்பவை, பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் நம் விரல்கள்.

டுரியான் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தின் அடியில் தெரியும் கோட்டில் கத்தி முனையைச் செருகித் திருகினால் ஓடு பிளக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். செருகுவது ஒன்று, திருகுவது இரண்டு, பிளக்காவிட்டால் நெம்புவது மூன்று. மூன்றும் மடக்குக்கத்திக்கு ஆகாத வேலைகள். முனை ஓட்டுக்குள் சிக்கிக்கொண்டபின் அதை வெளியே எடுக்க மேலும் கீழுமாக ஆட்டுகிறோமே, அப்போது முதுகில் விழும் அழுத்தம் போதும், அலகு மடங்க. டுரியானுக்கு மடங்காத கனமான கத்திதான் ஏற்றது. முள்ளுக்குப் பயந்து கைக்குத் துணி சுற்றிக்கொள்கிறவர்கள்கூடக் கத்திக்குப் பயப்படுவதில்லை!

கெட்டிப்பால் டின்னும் அப்படித்தான். தேநீர் கலக்கும் அவசரத்தில் கத்தி முனையை டின்னின்மேல் வைத்துக் குத்தி ஓட்டை போடுகிறோம். தகரம் விட்டுக்கொடுக்காமல் கை மட்டும் சாய்ந்தால் அலகு விரலின்மேல் வந்து உட்காரும். டின் திறப்பான் ஒன்றின் விலை, ஒரு நாள் கூலி இழப்புக்கு முன் ஒன்றுமே இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அலகின் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தி வெட்டுவது. பொருள் சட்டென்று அறுந்துவிட்டால், அந்த விரலின் அழுத்தமே அலகை மடக்கிவிடும். கத்தியை இழுத்து அறுக்கப் பழகினால் இந்த அழுத்தமே தேவைப்படாது. அலகு கூராக இருந்தால் இழுத்தாலே அறுபடும். மழுங்கிய கத்திதான் நம்மை அழுத்த வைக்கிறது. சாணைக்கல்லைப் பற்றி நமக்கா தெரியாது? சீவும் கத்திக்குக் காட்டிய அக்கறையில் பாதியை இதற்கும் காட்டினால் போதும்.

பூட்டு உள்ள மடக்குக்கத்திகளும் உண்டு. பிரான்சு நாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய எளிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல்தான் திருகிப் பூட்டும் வளையம் வந்து சேர்ந்தது. சுவிட்சர்லாந்து இராணுவம் 1891இலிருந்து சிப்பாய்களுக்கு மடக்குக்கத்தி கொடுத்து வந்தது. அதன் பெரிய அலகுக்குப் பூட்டு வந்தது 2008ஆம் ஆண்டு மாதிரியில். நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிப்பாய்களே பூட்டில்லாத கத்தியோடு காலம் தள்ளியிருக்கிறார்கள். பூட்டு நல்லதுதான், ஆனால் அழுக்கேறிய பூட்டும் தேய்ந்த பூட்டும் கைவிட்டுவிடும். பூட்டு இருக்கிறதே என்று நெம்பத் துணிவதைவிட, பூட்டில்லை என்று தெரிந்து வெட்டுவதோடு நிறுத்திக்கொள்வது மேல் என்பது நம் கருத்து. குத்தவும் நெம்பவும் வேண்டிய வேலைக்கு மடங்காத கத்தியை எடுப்போம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். தாக்கும் ஆயுதங்களைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பதைத் தடுக்க நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தண்டனை கடுமையானது. பழத்தோட்டத்துக்குப் போகும்போது கத்தி கொண்டுபோவது வேலை. அதே கத்தியைப் பாசார் மாலாமுக்கோ திருவிழாக் கூட்டத்துக்கோ இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்கு என்ன காரணம் சொல்வது? வேலை முடிந்ததும் கத்தி வீட்டில் இருக்கட்டும். வயதுப் பையன்கள் இருக்கும் வீட்டில் இதைத் தகப்பனார் சொல்வதைவிட அம்மா சொன்னால் எடுபடும்.

பிள்ளைகளிடம் கத்தியைக் காட்டாமல் ஒளித்துவைத்தால் அவர்கள் தேடி எடுப்பார்கள். பென்சில் சீவும் வயது வந்ததும் உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து, உடம்பை விட்டு வெளிப்பக்கமாகச் சீவக் கற்றுக்கொடுக்கலாம். மடக்கும்போது பிடியை உள்ளங்கையில் வைத்து, விரல்கள் பிளவின்மேல் வராமல், மற்றக் கையால் அலகின் முதுகைத் தள்ளவேண்டும். ஒருவரிடம் கொடுக்கும்போது மடக்கித்தான் கொடுக்கவேண்டும்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கவேண்டாம். திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. மெல்ல மடக்கிப் பாருங்கள். வில் எதிர்த்துத் தள்ளவேண்டும். சில கத்திகள் பாதி மடங்கியதும் ஒருமுறை நின்று, பிறகுதான் முழுவதும் மடங்கும். விரலை விலக்கிக்கொள்ள ஒரு கணம் கிடைப்பதால் இவை நல்லவை. அலகின் அடியில் சற்று இடம் கூராக்காமல் விட்டிருந்தால் இன்னும் நல்லது; மடங்கும்போது ஆள்காட்டி விரலில் முதலில் படுவது அந்த இடமாக இருக்கும்.

பழச்சாறும் மண்ணும் மூட்டில் சேர்ந்தால் வில் சரியாக உட்காராது. வெந்நீரும் சவுக்காரமும் போட்டுக் கழுவி, ஈர்க்குச்சியால் மூட்டைச் சுத்தம் செய்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு மூட்டில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்குப் பிடித்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். வில் தளர்ந்துபோன கத்தியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிடுவதே சரி.

இத்தனைக்கும் பிறகு விரல் வெட்டுப்பட்டுவிட்டால், காப்பித்தூளையும் மஞ்சளையும் புகையிலையையும் தேடி ஓடவேண்டாம். ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து, கையை உயர்த்திப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் திறந்து பார்க்கக் கூடாது. மடக்குக்கத்தி வெட்டுவது விரலின் உட்பக்கத்தை. விரலை மடக்கும் தசைநாணும் உணர்ச்சி நரம்பும் ஓடுவது அங்கேதான். இரத்தம் நின்றபின் விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள். மடங்காவிட்டாலோ, நுனியைத் தொட்டால் மரத்துப்போய் இருந்தாலோ, வெளியே காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இரத்தம் நிற்காவிட்டால் அழுத்தத்தை விடாமலேயே உடனே புறப்படுங்கள். ஏற்பு நோய்க்கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருப்பது. கடைசியாக எந்த ஆண்டு ஏற்புத் தடுப்பூசி போட்டீர்கள் என்று அங்கே கேட்பார்கள். கிளினிக் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.