‘தேவதை’ன்னு சொன்னது போதும், பணி ஆணை கொடுங்க!

(செவிலியர் தினத்தை ஒட்டி நடந்த கூட்டத்தில் நம் ஐ.டி. விங் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் இருக்கும் செவிலியர் அக்காக்களுக்குத் தனி வணக்கம். நைட் டூட்டி முடிச்சு நேரா இங்க வந்தவங்களும் இருக்கீங்கன்னு சொன்னாங்க. அதனால சுருக்கமா பேசிடறேன்.

மே 12 வந்தா ‘வெள்ளுடை தேவதைகள்’னு போஸ்டர் போடறோம், லைக் வாங்கறோம், அடுத்த நாள் மறந்துடறோம். இன்னைக்கு ஒரு வார்டுக்குள்ள போய்ப் பார்ப்போம். குறைமாதக் குழந்தைகள் இருக்கும் வார்டு.

37 வாரம் நிறையறதுக்கு முன்னாடி பிறந்தா அது குறைமாதக் குழந்தை. 2020-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கிட்டத்தட்ட பத்துல ஒண்ணு.

அந்தக் குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. ஆபரேஷன் முடிஞ்ச அம்மா ஒரு மாடியில. குழந்தை இன்னொரு மாடியில, இன்குபேட்டருக்குள்ள. அப்பா கதவுக்கு வெளியே, வர்ற போனுக்கெல்லாம் என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கறார். ‘ஏழுல பிறந்தா தங்கும், எட்டுல பிறந்தா தங்காது’ன்னு பாட்டி அழறாங்க. “ஏழை விட எட்டு நல்லது பாட்டி, உள்ள இருக்கிற ஒவ்வொரு வாரமும் புள்ளைக்குப் பலம்”னு எடுத்துச் சொல்றது யாரு? “நான் மாடி ஏறினதாலயா சிஸ்டர்?”னு கேட்கிற அம்மாகிட்ட “உங்க தப்பு எதுவும் இல்லம்மா”ன்னு பத்தாவது தடவையும் பொறுமையா சொல்றது யாரு? இந்த அக்காக்கள்தான்.

நான் ஈ.சி.இ. படிச்சவன். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியும். குழந்தை காலை உதைச்சாலே ரீடிங் தவறும், அலாரம் அடிக்கும். ஆனா அந்தச் சத்தத்துல ஒரு தாய்க்கு உயிரே போயிட்டு வரும். எது காலை உதைச்ச அலாரம், எது நிஜமாவே மூச்சு நின்ன அலாரம்னு ஒரே பார்வையில பிரிச்சுப் பார்த்துட்டு, “மெஷினைப் பார்க்காதீங்கம்மா, பாப்பாவைப் பாருங்க”ன்னு சொல்ல எந்த சாஃப்ட்வேராலயும் முடியாது.

பால் விஷயத்துக்கு வாங்க. 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்த பல குழந்தைகளுக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விட சேர்ந்தாப்புல வராது. அதனால முதல்ல டியூப், அப்புறம் நம்ம வீட்டுப் பாலாடை. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை, சொட்டுச் சொட்டா. பால் வரலையேன்னு கலங்கும் அம்மாவைப் பக்கத்துல உட்காரவெச்சு, பீய்ச்சி எடுக்கச் சொல்லித் தரணும். இதை அவசரமா செய்ய முடியாது.

அடுத்து கங்காரு பராமரிப்பு. 1978-ல கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் பத்தாத ஒரு மருத்துவமனையில தொடங்குனது. குழந்தையைத் தாயோட வெறும் மார்புல அணைச்சு வைக்கிறது. டெல்லி உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-ல வெளியாச்சு. பிறந்த உடனே இதைத் தொடங்கினா, எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறையுதுன்னு அது காட்டுச்சு. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை செஞ்சது. ஆனா “தொட்டா ஏதாவது ஆயிடுமோ”ன்னு பயப்படற அம்மாவோட கையைப் பிடிச்சு, குழந்தையை நெஞ்சுல வைக்க, அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைக்க, ஒரு மனுஷி வேணும். அந்த மனுஷிக்கு நேரமும் வேணும்.

சில குழந்தைகள் பிழைக்காது. அப்பவும் அதைத் துடைச்சு, நல்ல துணியில சுத்தி, தாய் மடியில வைக்கிறது இந்தக் கைதான். அடுத்த நிமிஷமே பக்கத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகணும். அழக்கூட நேரம் கிடையாது.

இப்ப அரசியலுக்கு வர்றேன். கருணைக்கு நேரம் வேணும், நேரத்துக்கு ஆள் வேணும். ஒரு ஷிஃப்டுக்கு மூணு நாலு குழந்தைக்கு ஒரு செவிலியர்னு வழிகாட்டு நெறி இருக்கு. ஆள் குறைஞ்சா முதல்ல போறது அம்மாகிட்ட பேசற அந்த அஞ்சு நிமிஷம்தான்.

2015-ல எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்தவங்களுக்குக் கிடைச்சது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து போராடினாங்க. சம்பளம் பிறகு 14,000, 18,000-னு ஏறுச்சு. ஆனா பத்து வருஷம் ஆகியும் பலருக்கு நிரந்தரம் வரல. அடுத்தவங்க குழந்தையை ராத்திரி முழுக்கக் காக்கிறவங்க, தன் குழந்தையோட ஸ்கூல் ஃபீஸுக்குக் கடன் வாங்கற நிலை நியாயமா?

நம்ம கோரிக்கை மூணு. ஒப்பந்தச் செவிலியருக்குப் பணி நிரந்தரம். பச்சிளங்குழந்தை வார்டுகளில் ஒவ்வொரு ஷிஃப்டிலும், முக்கியமா இரவில், முழு எண்ணிக்கை. குழந்தை பக்கத்துலயே தாய்க்கும் ஒரு படுக்கை.

இதைப் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேலை தர்றேன். உங்க மாவட்ட அரசு மருத்துவமனையில அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனைன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. பத்து ரூபாய்தான் கட்டணம். வர்ற பதிலைப் போஸ்ட் போடுங்க, நம்ம பக்கத்தை டேக் பண்ணுங்க. ஆட்சியில யார் இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்போம்.

அக்காக்களே, உங்களுக்கு இன்னைக்குச் சால்வை போடறோம். சீக்கிரம் பணி ஆணையோட வந்து பார்க்கணும்.



#செவிலியர்தினம் #பணிநிரந்தரம்வேண்டும்