எந்த யூபோனியம் வாங்கலாம்?

(ஜூபிலி விழாவில் பாண்டு வாத்தியக் குழுவினருக்கு ஆற்றிய உரை)

 

ஜூபிலி நினைவாகப் புதிய யூபோனியம் ஒன்று வாங்கப் போகிறோம். “துளை பெரிதாக இருந்தால் நாதமும் பெரிதாக இருக்கும்; அதையே வாங்குவோம்” என்று தம்பிமார் சிலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லவே நான் நிற்கிறேன்.

யூபோனியம் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் இனிய குரல் என்று பொருள். அதன் குழல் ஏறக்குறைய ஒன்பது அடி நீளம். பாரிட்டோனுக்கும் அதே நீளந்தான். ஆனால் யூபோனியத்தின் குழல் அதைவிட அகன்று, கூம்பு போல் விரிந்து செல்வதால் நாதம் கனிந்து வருகிறது.

துளை அளவு என்பது வால்வுக் குழாயின் உள்விட்டம். யமஹா ஒய்.இ.பி. 321-இல் அது 14.5 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் 642-இல் 15 மில்லிமீட்டரில் தொடங்கி, நான்காம் வால்வில் 16.8 ஆகிறது. தொடக்கத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். குழல் விரியும் விதம், வாயின் அகலம், மவுத்பீஸ் ஆகிய யாவும் சேர்ந்தே நாதத்தை உண்டாக்குகின்றன. பெஸ்ஸன் சாவரின் 967-க்கு வாய் 12 அங்குலம். 968-க்கு 11 அங்குலம். முன்னதில் நாதம் பரந்து வரும். பின்னதில் குவிந்து வரும்.

துளையைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஒன்றாம் வால்வையும் மூன்றாம் வால்வையும் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறிவிடுகிறதே, ஏன்? ஒவ்வொரு வால்வின் குழாயும் தனியாக அழுத்துவதற்கே அளவிடப்பட்டது. இரண்டும் சேரும்போது ஏறக்குறைய இரண்டரை அங்குலக் குழல் போதாமல் போகிறது. லண்டன் பூஸி கம்பெனியைச் சேர்ந்த பிளெய்க்லி 1874-இல் இதற்கு வழி கண்டார். வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது காற்று மற்ற வால்வுகளுக்கு மீண்டும் திரும்பி, கூடுதலான சிறு குழாய்கள் வழியே செல்லும்படி அமைத்தார். இதுவே காம்பென்சேட்டிங் முறை. 642-இலும் சாவரினிலும் இம்முறை உண்டு. 321-இல் இல்லை, எனினும் அதன் நான்காம் வால்வு ஒன்று மூன்று சேர்க்கைக்குப் பதிலாக நின்று, சுருதியைப் பெரிதும் காப்பாற்றும். மிகத் தாழ்ந்த சுரங்களில்தான் அது தடுமாறும்.

இனி ஊதுகிறவரைப் பாருங்கள். காம்பென்சேட்டிங் யூபோனியம் கனமானது. தாழ்ந்த சுரங்களில் மூச்சைத் தடுத்து நிறுத்தும். தேர்ந்தவர் கையில் அது பொன். பதின்மூன்று வயதுப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு தேர்ப்பவனியில் தெருத் தெருவாக நடந்தால், பாட்டுக்கு மூச்சு மிஞ்சாது. அவனுக்கு 321 போதும். நம் பாடல்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். தனிவாசிப்புக்கு வளர்ந்த அண்ணன்மாருக்கே பெரியது தேவை.

வாங்கப் போகும்போது ஊதப் போகிறவரையே அழைத்துச் செல்லுங்கள். பழைய மவுத்பீஸை நம்பாதீர்கள்: 321-க்குச் சிறிய தண்டு, 642-க்குப் பெரிய தண்டு, ஒன்று மற்றதில் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கும் பழைய ஆங்கிலேய வாத்தியத்தை ஊதிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 1960-களின் நடுப்பகுதி வரை அங்குள்ள பித்தளை வாத்தியக் குழுக்கள் 440-க்குப் பதில் சுமார் 452 அதிர்வு கொண்ட உயர்ந்த சுருதியில் வாசித்தன. அந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டது நம் ஆர்மோனியத்தோடு ஒருநாளும் சேராது.

இது மக்கள் வியர்வை சிந்திச் சேர்த்துத் தந்த பணம். விலை உயர்ந்த வாத்தியம் தூக்க ஆளின்றி அலமாரியில் உறங்குவதைவிட, அளவான வாத்தியம் ஒரு சிறுவனின் கையில் நாள்தோறும் முழங்குவதே நன்று. துளையின் அளவைக் கேட்குமுன் மூச்சின் அளவைக் கேளுங்கள்.